துப்பிப் போட்ட தோல்

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன கணவர் யேசுரத்தினம் திரும்பி வருவதற்குள் ஜாஸ்பின் மார்த்தாண்டத்துக்கு பஸ் பிடித்தாக வேண்டும். மருந்துக்கடை வேலை முடிந்து அவள் வரும்போது அவர் உறங்கியிருப்பார். அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று அவள் மாட்டிறைச்சியை நிறுத்திய நாள்முதல், ஞாயிற்றுக்கிழமைகூட அவர் பேசுவதில்லை. காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

“சஜினுக்க அப்பா, கஞ்சியும் பயறும் மூடி வச்சிருக்கேன். சாவி மீட்டர் பெட்டிக்க மேல இருக்கு. கறுப்புத் திராட்சை கழுவி வச்சிருக்கேன். தோலையும் விதையையும் துப்பாம சவச்சுத் தின்னணும். கொழுப்பைக் குறைக்கிற சத்து அதிலயாக்கும் இருக்கு. அதுக்காக மாத்திரைய விட்டுராதீங்க. உங்களச் சாக விடாதது குத்தம்னா, குத்தமாவே இருக்கட்டு.”

திராட்சைத் தட்டை மூடினாள். தினமும் அவள் வந்து பார்க்கையில் அதில் அவர் துப்பிய தோல்கள் காய்ந்து கிடக்கும். இந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதற்கு அவளுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“ஒரு தோல மட்டும் தட்டுல வச்சிருங்க.”