பிலோமிக்கு வாங்கிய ரிப்பன்

1935 பெப்ரவரி 12, செவ்வாய்

காலையில் ஒரே பனி. ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. தையல் வகுப்பில் இரண்டு தடவை ஊசி முறிந்தது.

என் வக்கீல் புரொக்டர் ஐயா ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளையைக் கேட்டு நான் போட்ட வழக்கு வெள்ளிக்கிழமை கோர்ட்டில். மகள் பிலோமியையும் கூட்டி வரச் சொல்லி உத்தரவாம்!

நாலு வருசம். நான் புருசன் சூசையின் வீட்டை விட்டு வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயசு. பிள்ளை தகப்பனுக்கு என்று அன்றைக்குத் தீர்த்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு போன மனுசன், கடுகண்ணாவையில் தன் அண்ணன் பெண்சாதி மரியம்மாக்காவிடம் போட்டுவிட்டு, பன்வில தோட்டத்துக்குக் கிளார்க் வேலைக்குப் போனவர்தான். ஒரு கிறிஸ்மசுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லையாம். நான் போனாலோ, "தகப்பன் சொல்லாம காட்ட ஏலாது தங்கச்சி" என்று வாசல் படலையோடு அனுப்பிவிடுவாள் அக்கா. நல்ல நியாயம்!

14, வியாழன்

வெயில். சிவப்பு ரிப்பன் வாங்கினேன். கவுன் தைத்தாயிற்று, அளவு குத்துமதிப்பு.

என்னோடு அறையில் இருக்கிற ரெஜினாவுக்கு வாய் ஓயாது. "ரிப்பன் போதுமாடி? உன் முடி மாதிரின்னா இந்நேரம் இடுப்புக்கு வந்திருக்கும்."

சிரித்தேன். மூன்று வயசிலேயே பின்னல் போட்டுவிட்டவள் நான். அந்த மனுசன் நாளைக்கு வராமலே இருந்தால் நல்லது.

15, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடிக்கும்.

கோர்ட் படியில் நெரிசல். பெரிய கோட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு மொட்டைத் தலைப் பிள்ளை ஒன்று வழியை மறித்து உட்கார்ந்திருந்தது. "தள்ளு தம்பி" என்றேன். தள்ளிக்கொண்டது.

உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் மரியம்மாக்கா வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இரட்டைப் பின்னல், வட்ட முகம். என் பிள்ளை! கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்கு அந்தப் பக்கம் படியில் இருந்த மொட்டை. அவள் மகன் போல என்று நினைத்தேன்.

சூசை வந்தார், காலில் சப்பாத்து மினுங்க. என் புரொக்டர் எழும்பி, "உம்முடைய பிள்ளை எதென்று காட்டும் பார்ப்போம்" என்றார். மனுசன் யோசிக்கவே இல்லை. இரட்டைப் பின்னலைக் காட்டினார்.

"ஐயையோ, அது என் மக ஜெசிந்தா!" அக்கா எழும்பிவிட்டாள். மொட்டையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இதுதான் பிலோமி. போன மாசம் காய்ச்சல்ல போக இருந்த உசிரு துரை. பொழைச்சா முடி தாறேன்னு அந்தோனியாருக்கு நேர்ந்தேன். போன செவ்வாதான் மொட்டை போட்டோம்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் துரை சிரிக்கவில்லை. சொந்தப் பிள்ளையைத் தெரியாத தகப்பனிடம் பிள்ளை எதற்கு என்று கேட்டார். இனி பிள்ளை தாயிடம்.

எனக்குத்தான் வெற்றி. என்னை யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் விரலும் அந்தப் பின்னலுக்குத்தான் போயிருக்கும். மாதாவே.

16, சனி

தூறல். கவுன் தொளதொள. பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறது. ரிப்பனை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன்.

ரெஜினாவுக்கு ஆறவேயில்லை. "பெத்த பிள்ளையைத் தெரியாத மனுசன்! எங்கயாவது உண்டா?" பிலோமி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் சம்பலை எடுக்கப் போனேன்.

ரெஜினா வெளியே போன பிறகுதான் பிள்ளை வாய் திறந்தது.

"படியில தம்பின்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"பெரியம்மாதான் என்னை அங்க உட்கார வச்சாங்க. அந்தா வர்றா பாரு உன் அம்மான்னு காட்டினாங்க. முதல்ல நீங்கதான் பார்க்கணுமாம். நான் சிரிச்சேன்."

படலையில் நின்று நான் அக்காவை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

"பெரியம்மாவை எப்ப பார்க்கிறது?"

நாளைக்குப் பூசை முடிந்ததும் கடுகண்ணாவைக்கு ரயில். இரண்டு பேரும்.