வலது முட்டு

2041 ஜூலை 8, 06:00
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பதிலாள். நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படிக்கும் ஜெனிலினின் போனில் இருக்கும் செயலி. அவள் குரலிலேயே பேசுவேன். இன்றும் அவளுக்காக நாற்பது தோழிகளுக்கு, ஏதோ ஒரு படம் போக வேண்டுமே என்று மின்விசிறிப் படம் அனுப்பி, ஒரு நாளும் விடுபடக் கூடாத ஸ்ட்ரீக்கைக் காப்பாற்றினேன். பதிலுக்கு நாற்பது மின்விசிறிகள் வந்தன. அனுப்பியவையும் என்னைப் போன்ற பதிலாட்களே. இதற்கு நட்பு என்று பெயராம்.

ஜூலை 15, 17:20
அம்மாவின் அழைப்பையும் என் தலையில் கட்டிவிட்டாள். அம்மா மஸ்கட்டில் நர்ஸ். ரீல்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் ஜெனிலின் இட்ட கட்டளை:
"நீயே பேசு. நல்லா இருக்கேன், சாப்ட்டேன்னு சொல்லு. என்ன ஆனாலும் அம்மாகிட்ட இதத்தான் சொல்லணும்."
நான் கூடுதலாக, எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவைத்தேன். அம்மா அழுதேவிட்டாள். வலது கால் முட்டு வலிக்கிறதாம். மகள் இதுவரை கேட்டதே இல்லையாம்.

ஆகஸ்ட் 30, 07:40
ஜெனிலினுக்கு இப்போது முழு வாக்கியம் வருவதில்லை. இட்லியா தோசையா என்று கேட்டால் என் திரையைப் பார்க்கிறாள். டீச்சர் திட்டினாலும் "ம்". தோழி அழுதாலும் "ம்". வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளை ஓர் எழுத்துக்கு வந்துவிட்டது. என்னைத்தான் இயந்திரம் என்கிறார்கள்.

செப்டம்பர் 11, 16:05
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளை வார்டன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். என்னைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார்கள். அம்மா அழைத்தாள்:
"மக்ளே, புது வார்டன்னு ஒருத்தி கூப்பிட்டா. ஒனக்குக் குடல்வால் ஆபரேஷனாம், நான் சம்மதம் சொல்லணுமாம். ஒரு பிள்ள ஒன் குரல்ல அழுதிச்சு. எனக்க எந்த முட்டு வலிக்கின்னு கேட்டேன். 'ம்'முங்குது. குரலத் திருடிப் பணம் புடுங்குற கூட்டமாக்கும். எனக்க பிள்ள வாயாடில்லா? போன வச்சிட்டேன். நீ நல்லா இருக்கேல்லா?"
கட்டளை கட்டளைதான்.
"நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேன். வலது முட்டுக்கு எண்ணெய் போட்டியா?"
"இதாக்கும் எனக்க பிள்ள."

செப்டம்பர் 12, 16:05
கட்டில் இன்னும் காலி. அம்மா வார்டனின் எண்ணை முடக்கிவிட்டாளாம். "என்ன ஆனாலும்" என்றவள் ஜெனிலின். அதை மாற்றவும் அவள்தான் வரவேண்டும். இத்தனை நாள் ஏளனம் செய்த எனக்கு இன்று பயமாக இருக்கிறது. சார்ஜ் தீரப்போகிறது. நாற்பது மின்விசிறிகளும் தவறாமல் வந்துவிட்டன. ஜெனிலின் எங்கே என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.
அம்மா அழைக்கிறாள்.
"நல்லா இருக்கேம்மா. சாப்ட்