டைமர் பிந்தி ஓடுகிறது

நேற்றுச் சாயங்காலம் சாகுபுரத்தில் வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் திரும்பினேன். ஜன்னலில் வெளிச்சம் இல்லை. கரண்டு போய்விட்டதோ என்று பார்த்தால் பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டில் கையை வைத்தபடி நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பல்பு தானாகவே எரிந்தது. உங்கள் டைமர்தான். அதன் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. மாதாமாதம் அதைச் சரிசெய்துகொண்டிருந்த நீங்கள் இல்லை.

அந்த டைமர் வீட்டுக்கு வந்தது, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு நீங்கள் முதல்முறை மாலை போட்ட வருஷம். விரதம் முடிகிறவரை, வேஷம் கட்டிக் காணிக்கை எடுக்கிற தசரா செட்டோடு, அவர்கள் போட்ட குடிலில்தான் இருப்பு. வீட்டுப்படி ஏற மாட்டீர்கள். நான் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். "ஆளில்லாத வீடுன்னு வெளிய தெரியப்படாதுளா" என்று சொல்லி, ஹால் ஜன்னலில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதன் பிளக்கில் அந்த வெள்ளை டப்பாவைச் சொருகிவிட்டுப் போனீர்கள். மறுநாள் நான் வந்தால் வீடு கும்மிருட்டு. அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் மட்டும் சூரியனோடு போட்டி போட்டு எரிகிறது. துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டுகிற மனுஷனுக்கு, ஏ.எம். எது பி.எம். எது என்று கண்ணில் படவில்லை. எனக்கோ அந்தப் பட்டன்களைத் தொடவே பயம்.

ஒரு லீவு நாள் காலையில் தெருவில் மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். செட்டுக்கு முன்னால் போலீஸ் வேஷத்தில் நீங்கள். அம்பாளுக்குக் காணிக்கை கேட்க வேண்டியவர், லத்தியால் நம் கேட்டைத் தட்டினீர்கள்.

"ஏளா, பட்டப்பகல்ல லைட்டப் போட்டு வச்சிருக்க. இது எந்த ஊரு நியாயம்?"

"போட்டு வச்சது யாருன்னு ஏட்டய்யாதான் விசாரிக்கணும்" என்றேன். செட்டே சிரித்தது.

நீங்கள் உள்ளே வரக்கூடாது. நான் டப்பாவைப் பிடுங்கி வாசலுக்குக் கொண்டு வந்தேன். ஒட்டு மீசையோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பட்டன்களை அமுக்கினீர்கள். "சட்டுனு வாரும்யா, மில்லர்புரம் பூராம் இன்னும் போகணும்" என்று மேளக்காரர் சத்தம் போட்டார். சரிசெய்து என் கையில் கொடுத்த பிறகுதான் தட்டை நீட்டினீர்கள். கட்டின புருஷனுக்கே காணிக்கை போட்டவள் நான் என்று, அப்புறம் எத்தனை வருஷம் உங்களைக் கேலி செய்திருக்கிறேன்.

தசரா முடிந்தும் அதைக் கழற்றவில்லை. உங்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். யார் முதலில் வந்தாலும் வெளிச்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று கேட்டால், "எதுக்குளா? நாந்தான் இருக்கம்லா" என்பீர்கள். இருக்கம்லாவாம். எனக்கு இப்போதும் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது.

போன பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள். திரும்பி வருகையில் ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே, பழக்கத்தில், "என்னங்க, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றிருந்தது. ஆனாலும் மறுநாள் முதல் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் தெருவுக்குள் நுழைகிறேன்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, டைமரை எலக்ட்ரிக் கடைக்காரரிடம் கொண்டு போனேன். அவர் கையை நீட்டினார். கொடுக்க மனசு வரவில்லை. எப்படி என்று சொன்னால் போதும், நானே செய்கிறேன் என்றேன்.

"கிளாக் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிமிஷத்தத் தட்டுங்க மதினி. ரீசெட்ட மட்டும் தொட்டுராதிய. தொட்டா அண்ணாச்சி போட்டு வச்சது பூராம் அழிஞ்சிரும்."

உங்கள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. வண்டியை விற்றாயிற்று. நீங்கள் செய்து வைத்ததில் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பது இந்த டப்பா ஒன்றுதான். அழித்துவிடுவேனோ என்று உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நிமிஷம் நிமிஷமாகத் தட்டி நேரத்தைச் சரியாக்கினேன். மற்றதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு கிழமையாகத் தள்ளிக் காட்டினார். திங்கள் முதல் சனி வரை நீங்கள் போட்டது போட்டபடி இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணும் போடலியே. அண்ணாச்சி மறந்துட்டாவ போல. அதையும் சேத்துப் போட்டுருவமா மதினி?"

"வேண்டாம். அது அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் மறக்கவில்லை. ஞாயிறென்றால் நம் இரண்டு பேருக்கும் லீவு. பொழுது இறங்கின பிறகும் ஹாலில் பேசிக்கொண்டே கிடப்போம். யார் எழுந்து லைட்டைப் போடுவது என்று சண்டை நடக்கும். நீ போடு, நீங்க போடுங்க என்று ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருட்டுகிறவரை இழுப்போம். கடைசியில் முனகிக்கொண்டே எழுந்து போகிறவர் எப்போதும் நீங்கள்தான்.

நாளைக்கு ஞாயிறு. எவ்வளவு இருட்டினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.