கதவுக்குள் ஒட்டிய காகிதம்

விழுப்புரம்
12.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுதாகர் எழுதுவது. நானும் அம்சாவும் நலம். நீயும் ஆர்த்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடையின் மூன்று வீடியோ கேம் மெஷினுக்கும் புது போர்டுகளைத் திண்டிவனம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரே போர்டில் அறுபது கேம். இனி வாரத்துக்கு ஒரு கேம் மாற்றச் சொல்லி என்னை அரிக்க மாட்டாய். பழையதைக் கழற்றிவிட்டு நீயே மாட்டிவிடலாம். சிவப்பு ஒயர் ஐந்து வோல்ட், மஞ்சள் பன்னிரண்டு, கறுப்பு எர்த். மாற்றி மாட்டினால் புகை வரும்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா என்று போனில் கேட்டாயே. ஒரு வக்கீலிடமே கேட்டுவிட்டேன். எல்லாம் பழைய கேம்கள், கம்பெனிக்காரர்களே கைவிட்டவை, கடையில் ஓட்டத் தடை இல்லை என்றார். தைரியமாக ஓட்டு.

உன் அன்புத் தம்பி,
சுதாகர்

திண்டிவனம்
20.6.2007

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். போர்டு நன்றாக ஓடுகிறது. புகை வரவில்லை. ஒயர் நிறம் எனக்கு மறந்துபோகும் என்பதால் உன் கடிதத்தையே முதல் மெஷினின் முன்கதவுக்கு உள்பக்கம் கஞ்சிப் பசை வைத்து ஒட்டிவிட்டேன். காசு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் உன் கோழிக்கிறுக்கல் என்னைப் பார்க்கிறது.

ஒயரைப் பற்றி எழுதியதில் பாதியாவது அம்சாவைப் பற்றி எழுதியிருக்கலாம். அவளுக்கு வயிற்று வலி குறைந்ததா?

கம்பெனி கைவிட்டது என்கிறாய். ஆள் இல்லை என்பதற்காக அடுத்தவன் வீட்டில் பூந்து குடியிருக்க முடியுமா? அந்த வக்கீலின் பெயரையும் நீ எழுதவில்லை. போகட்டும், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உன் அன்பு அக்கா,
சூர்யகலா

திண்டிவனம்
18.1.2008

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலமாக இல்லை. நேற்று மதியம் கடைக்குப் போலீஸ் வந்தது. கேம் கம்பெனிக்காக வேலை செய்யும் ஒருவரும் கூட வந்தார். மூன்று மெஷினிலும் ஓடுவது திருட்டு நகல் என்று எழுதிக்கொண்டார்கள். ஏற்றிப்போக வண்டி இல்லை. அதனால் முன்கதவுகளில் அரக்கு முத்திரை வைத்து, என் பொறுப்பில் விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எழுதி எடுத்துப்போவார்களாம்.

தெருவே வேடிக்கை பார்த்தது. உன் மாமா போன பிறகு இந்தக் கடையை வைத்துத்தான் தலை நிமிர்ந்து நடந்தேன். நேற்று நிமிர முடியவில்லை.

கிளியனூர் விருத்தாசலம் வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரிஞ்சிக்கினே ஓட்டினியா, தெரியாம ஓட்டினியாம்மா? கேஸே அதுலதான் நிக்குது. வித்தவன் நல்ல சரக்குன்னு எழுத்துல எதுனா குடுத்திருந்தா எடுத்துனு வா, உன்ன வெளிய கொண்டாந்துடலாம்." தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரியும். நீ கேட்ட அந்த வக்கீல் யார்? அவரே வந்து சொன்னால் நம் இருவருக்கும் நல்லது.

அக்கா,
சூர்யகலா

விழுப்புரம்
23.1.2008

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேச பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். வக்கீல் யாரும் இல்லை. சென்னையில் போர்டு விற்ற கடைக்காரன் சொன்னதைத்தான் வக்கீல் சொன்னதாக எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் நீ வாங்கியிருக்க மாட்டாய். பைபாஸ் ஓரம் இருக்கும் கடைகளில் எல்லாம் அதே போர்டுதான் ஓடுகிறது. நம் தலையில் விடியும் என்று நினைக்கவில்லை.

எனக்கு மின்வாரியத்தில் வேலை வந்திருக்கிறது. ஒன்பது வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். என்னைப் பற்றிய போலீஸ் விசாரணை முடிந்தால்தான் வேலை ஆர்டர் கையில் வரும். நீ கதவில் ஒட்டிய காகிதத்தில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. போர்டு நான் விற்றது என்றும், தடை இல்லை என்று நான் பொய் சொன்னேன் என்றும் அதிலேயே தெரிந்துவிடும். எப்படியாவது அதை எடுத்துவிடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

சுதாகர்

திண்டிவனம்
4.2.2008

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று உலை வைக்கவில்லை. போலீஸ் வந்ததைவிட, வக்கீல் இல்லை என்று நீ எழுதியதுதான் எனக்கு அடியாக விழுந்தது.

முத்திரையைத் தொட மாட்டேன். காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதம் வெளியே வந்தால் நீ போய்விடுவாய். வராவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன். ஆர்த்திக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. என்ன செய்வது என்று எனக்கே புரியவில்லை.

மாசி மகத்துக்கு வா. நேரில் பேசுவோம்.

அக்கா

திண்டிவனம்
27.2.2008

சுதாகருக்கு,

மாசி மகத்தன்று காலையில் வந்தாய். மல்டிமீட்டரைக் கடையில் வைத்துவிட்டதாகச் சொல்லிச் சாவி கேட்டாய், கொடுத்தேன். நானும் ஆர்த்தியும் பொம்மையார்பாளையம் கடலில் குளித்துவிட்டு வரும்போது நீ போயிருந்தாய். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் சாவியைத் தந்தாள். நீ சாப்பிடாமல் போய்விட்டாயே என்றுதான் வருத்தப்பட்டேன். உனக்கென்று வஞ்சிரம் வாங்கி வந்திருந்தேன்.

நேற்று முன்தினம் போலீஸ் வந்து முத்திரையை உடைத்தார்கள். முதல் மெஷினின் முன்கதவு உள்பக்கத்தில் கஞ்சிப் பசை மட்டும் நான்கு மூலையிலும் காய்ந்து நின்றது. அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முத்திரை முன்னால்தான் இருக்கிறது, பின்பலகையைக் கழற்றிக் கை விடலாம் என்பது மெக்கானிக்குக்குத் தெரியாதா? நான்கில் மூன்று ஸ்குரூவைத் திரும்ப முடுக்கியிருக்கிறாய். நான்காவது ஸ்குரூ மெஷினுக்கு அடியில் கிடந்தது. காலால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்பே விருத்தாசலத்திடம் போய், எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறக்கும்போது காகிதத்தைப் பார்த்துக் கேட்டால், ஒயர் நிறத்துக்காக ஒட்டியது, மற்றது நானே சொல்லி எழுத வைத்தது, பொய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல நினைத்திருந்தேன். மகத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு இதை உன்னிடம் சொல்லத்தான் காத்திருந்தேன்.

அதிகாரி கேட்டார். "தெரிஞ்சிதான் ஓட்டினேங்க" என்றேன். அதில் பொய் அதிகம் இல்லை. அந்த விலைக்கு அறுபது கேம் வராது என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. உன்னை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. கேஸ் நடக்கும். மெஷின்கள் போய்விட்டன. கடையை மாதக் கடைசியில் காலி செய்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். நான் உன்னைக் காட்டிக்கொடுப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? அப்படிக் காட்டிக்கொடுப்பதாக இருந்தால் அந்தக் காகிதம் எதற்கு? வக்கீல் யாரும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று உன் கைப்பட எழுதிய கடிதம் ஐந்து வாரமாக என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கிழிக்கச் சொன்னாய். உன் கடிதம் எதையும் நான் கிழித்ததில்லை.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த ஸ்குரூவையும் வைத்திருக்கிறேன். இனி என் வீட்டில் உன்னுடையது எதுவும் இல்லை.

அம்சாவிடம் மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்.

சூர்யகலா