கூடு எரிந்ததை மறைத்த மகளுக்கு

சங்கரன்கோவில்
9.2.2025

அன்பு மகள் அபிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, சுகமில்லை என்று தெரிந்த பிறகு நான் எதைக் கேட்க? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூ மார்க்கெட்டில் நிற்கிறேன், அங்கே உன் கூட வேலை பார்க்கிற பாஜிலாவின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அபிதாவுக்குக் கை எப்படி இருக்கு, தோலு சேர்ந்திருச்சா" என்று கேட்கிறாள். என்ன கை, என்ன தோல் என்று நான் முழிக்கிறேன். கோழிக்கூடு தீப்பிடித்ததும், நீ உள்ளே போனதும், வலது கை வெந்ததும் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் எனக்குத் தெரிகிறது. நடந்து பதினாறு நாள். அதற்குள் மூன்று தடவை வீடியோவில் வந்தாய், மூன்று தடவையும் கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தாய். கோழிகள் எங்கே என்று கேட்டதற்கு, குளிர் அதிகம், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்றாய். நானும் அதை நம்பி ரேஷன் கடையில் நாலு பேரிடம் சொன்னேன். மாப்பிள்ளை பேச்சிராஜாவுக்கு நேற்று போன் போட்டேன், அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தாராம், "நீங்க பயந்துருவீங்கன்னு அவதான் சொல்லக்கூடாதுன்னுட்டா அத்தை" என்கிறார். அவரையும் பொய் சொல்ல வைத்திருக்கிறாய்.

அக்டோபரில் கூட்டைப் பெருமையாகக் காட்டினாயே, ஆறு கோழி, நாலு வாத்து, எல்லாம் ஒரே கூட்டில், உள்ளேயே தண்ணீர்த் தொட்டி. சுவர் முழுக்க அட்டை அடித்து ஒரு விரல் இடுக்கு இல்லாமல் அடைத்திருந்தாய். கூரைக்குக் கீழே ரெண்டு ஓட்டை விடு என்று சொன்னேன். "அது உங்க ஊர்ச் சூட்டுக்குச் சரிம்மா, இங்கன மைனஸ் முப்பது" என்று சிரித்தாய். வாத்து தண்ணீரை அடித்து வைக்கோலை நனைத்தது, மூச்சு ஈரம் வெளியே போக வழியில்லை, அந்த ஈரத்தில் கோழிக்குக் கொண்டை நுனி கறுத்ததாம். அது வெறும் குளிரில் கறுத்தது என்று நினைத்து நீ சூட்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டாயாம், அது அறுந்து வைக்கோலில் விழுந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரோ வெள்ளைக்காரன் போட்ட வீடியோவைக் கேட்டாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ ஆறாவது படிக்கும்போது ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. நான் கோழிக்கூட்டைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன், விடிந்து பார்த்தால் பதினொரு கோழியும் செத்துக் கிடந்தது. வெளியே மழையில் முருங்கை மரத்தில் அடைந்த சேவல் மட்டும் பிழைத்தது. கீரி கடித்துப் போட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அவரும் அடுத்த வாரமே கம்பி வலை வாங்கிவந்து அடித்தார். நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி, கீரி கடிச்சா கழுத்துல ரத்தம் இருக்கும்லா" என்கிறார். இத்தனை வருஷம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை அந்த மனுஷன். அவர் மேலும் கோபம்தான். நீ மறைக்க எங்கே படித்தாய் என்று எனக்கு இப்போது புரிகிறது, அதற்காக உன்னை விட்டுவிட மாட்டேன்.

நாலு வாத்தும் மூன்று கோழியும் தப்பித்தன என்று மாப்பிள்ளை சொன்னார். கார் நிறுத்துகிற கராஜில் நிற்கிறதாம். மறுபடி கூடு கட்டினால் பல்பு கூடவே கூடாது. காய்ந்த வைக்கோலை முழங்கால் உயரம் போடு, காற்று கோழி மேல் படாமல் உச்சியில் வழி விடு, வாத்துக்குத் தனி அறை, தண்ணீர் வெளியே. தண்ணீர் உறைந்தால் வெந்நீர் மாற்று, ஆனால் அதை நீ தூக்காதே, கை ஆறும்வரை மாப்பிள்ளை தூக்கட்டும். கொப்புளத்தைக் கிள்ளாதே. எண்ணெய் கிண்ணெய் தடவாதே, டாக்டர் கொடுத்ததை மட்டும் போடு.

ஒன்று சொல்லுகிறேன், இதை மட்டும் இரண்டு தடவை படி. வெறும் சாக்ஸோடு பனியில் ஓடி அந்தப் புகைக்குள் மூன்று தடவை போனாயாமே. இனி ஒரு நாள் அப்படி நடந்தால் அத்தனையும் எரியட்டும், நீ வெளியே நில். வாத்து எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

கோமதி அம்மன் உன் கூடவே இருக்கட்டும், கை முழுசாக ஆறி, நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது முதலில் கையைக் காட்டு. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
மூ. கோமதியம்மாள்