குழாயடிப் பாத்தி

பிப்ரவரி 3

இன்றும் யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 5

பேசவில்லை என்று எழுதியது சரியில்லை. பேச முடியவில்லை என்றாலும் முழு உண்மை இல்லை. தொண்டையில் கழலை என்று அறுத்தார்களே, அப்போது குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. வாயைத் திறந்தால் பஞ்சரான டியூப் மாதிரி காற்றும் கொஞ்சம் கரகரப்பும் வரும். கிட்டே வந்து காது கொடுத்தால் புரியும். யார் கொடுக்கிறார்கள்? "என்ன?" என்கிறார்கள். திரும்பச் சொன்னால், "என்ன, என்ன?" அந்த 'என்ன'வைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டேன். இவரிடம்கூட எழுதித்தான் காட்டுகிறேன். பழைய குரல் திரும்பி வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பஸ் நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மைக் பிடித்தவள் நான். எந்த பஸ் எந்த மேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன வாய். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. "உனக்கு வாய் வலிக்கவே வலிக்காதாடி?" என்று இவர் கேட்பார். இப்போது வீடு எப்படிக் கிடக்கிறது பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன்? எனக்கு நானே எழுதிக்கொண்டு!

பிப்ரவரி 12

டாக்டரிடம் போனோம். அறுத்து ஒரு வருஷம் ஆகும்வரை நரம்பு தானாகச் சரியாக வாய்ப்பு உண்டு என்றார். ஏப்ரலோடு ஒரு வருஷம். அதுவரை வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மனசு கெட்டுவிடும், நாலு பேரோடு இருங்கள் என்றார். பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு கூட்டுத் தோட்டம் இருக்கிறதாம், ஆளுக்கொரு பாத்தியாம். வாய் போனவளுக்கு நாலு பேர் எதற்கு?

இவர் சாயங்காலமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை. அதுதான் கொடுமை.

பிப்ரவரி 20

போனேன். காலியாக இருந்தது ஒரே ஒரு பாத்தி. கடைசி மூலையில், சாமான் அறைக்குப் பின்னால், குழாயை ஒட்டி. தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ரிட்டையரான போஸ்ட்மேன். அவர் சொன்னார்: "குழாயடிப் பாத்திக்காரங்களுக்கு ஒரு வேலை இருக்கும்மா. தண்ணி எப்ப வரும்னு சொல்ல முடியாது. வந்தா அரை மணி நேரம்தான். நாங்கல்லாம் அந்தப் பக்கம் இருப்போம், இங்க ஒண்ணும் தெரியாது. வந்ததும் ஒரு குரல் கொடுத்துடுங்க, போதும்."

ஒரு குரல்!

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? சிலேட்டு பையில்தான் இருந்தது. எடுக்க வெட்கம்.

பிப்ரவரி 27

மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிலைய ஸ்பீக்கரில் என் குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்." எப்போதோ பதிவு செய்தது. எவ்வளவு தெளிவு! ஒரு எழுத்து பிசகவில்லை. களைக்கொத்து கையில் அப்படியே நின்றது.

பக்கத்துப் பாத்தி தையல்காரம்மா தலையிலடித்துக்கொண்டாள். "இந்தப் பொம்பளைக்கு வாய் மூடவே மூடாதுக்கா! நாள் முழுக்கக் கத்துறா."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. உடைமையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னவளே தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

மார்ச் 6

எழுதவே கை கூசுகிறது.

நல்ல வெயில். தையல்காரம்மாவும் மற்றவர்களும் மதில் நிழலில் இருந்தார்கள். தண்ணீர் வந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நாலடி நடந்து போய்க் கையைக் காட்டியிருக்கலாம். போனால் "என்ன?" என்பார்களே. இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று என் பாத்திக்கு ஒரு வாளி ஊற்றினேன். இன்னொரு வாளி. பைத்தியக்காரி மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் நின்றுவிட்டது.

பிறகு வந்தார்கள். "இன்னிக்குத் தண்ணியே வரலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்த தையல்காரம்மா என் பாத்தியைப் பார்த்தாள். அது மட்டும் சொதசொதவென்று இருந்தது. அவளுடைய தக்காளி நாற்று நேற்று நட்டது. தலை தொங்கிக் கிடந்தது. அவள் குனிந்து அதை நிமிர்த்திப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ, "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு செய்ற வேலையைப் பாரு" என்றார்கள்.

ஐயோ, நான் அப்படிப்பட்டவ இல்ல. அதைச் சொல்லக்கூட எனக்கு வாயில்லையே.

மார்ச் 7

போகவில்லை. சாப்பிடவும் இல்லை. இவர் விடாமல் கேட்டதால் நடந்ததைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

மார்ச் 10

என்னைக் கேட்காமல் இவர் தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆபரேஷன், மைக், ஸ்பீக்கரில் கேட்பது யார் என்பது வரைக்கும். "உங்களை யார் சொல்லச் சொன்னது?" என்று சிலேட்டு கிறீச்சிட எழுதினேன். "யாரும் சொல்லலை. உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, கேட்டுக்கிட்டு இருக்க முடியலை" என்றார். இந்த மனுஷர் இத்தனை வருஷத்தில் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை.

மார்ச் 13

குழாய்க்கு மேலே ஒரு பழைய தட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு கரண்டி. "தண்ணி வந்தா இதைத் தட்டுங்கம்மா" என்றார் போஸ்ட்மேன், தரையைப் பார்த்துக்கொண்டு. நல்ல எண்ணம்தான். மாட்டுக்கு மணி கட்டுவார்களே, அப்படி இருந்தது எனக்கு.

மார்ச் 24

தண்ணீர் வந்தால் தட்டுகிறேன். டங் டங். வாளியோடு ஓடி வருகிறார்கள். என்னோடு ஏதேதோ பேசுகிறார்கள், பதில் எதிர்பார்ப்பதில்லை. மூட்டு வலிக்கு என்ன தைலம், மருமகள் என்ன சொன்னாள், எல்லாம். கீரை இரண்டு இலை விட்டிருக்கிறது. ராத்திரி பசித்தது. தூக்க மாத்திரை போடாமல் தூங்கினேன்.

இதையெல்லாம் பெரிதாக நினைக்கக்கூடாது. குரல் வரட்டும்.

ஏப்ரல் 16

வராது.

ஏப்ரல் 17

டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு பக்கம் அசையவே இல்லையாம். ஊசி போட்டால் சத்தம் கொஞ்சம் தடிக்கும், பழையபடி வராது என்றார். இவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

ஒரு வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேனே, எதுக்கு? யாருக்காக?

ஏப்ரல் 22

படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்து என்ன செய்ய?

ஏப்ரல் 25

மாத்திரை வாங்க பஸ் நிலையம் வழியாகப் போனேன். ஸ்பீக்கரில் வேறு ஒரு பெண். சின்னக் குரல், 'பயணிகளின்' என்பதில் தடுமாறுகிறாள். என்னை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் நான் இல்லை.

நடுச்சாலையில் நின்றிருக்கிறேன். ஆட்டோக்காரர் திட்டிய பிறகுதான் தெரிந்தது. விலகவும் தோன்றவில்லை. இதை இவரிடம் சொல்லக்கூடாது.

ஏப்ரல் 29

தையல்காரம்மா வந்தாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு திட்ட ஆரம்பித்தாள். "அன்னிக்கு வாய் மூடாதவள்னு சொன்னேனே, அது நீங்கதான்னு எனக்கு ஜோசியமா தெரியும்? அதுக்குக் கோச்சுக்கிட்டு வராம இருப்பாங்களா? உங்க கீரைக்கு நான்தான் ஊத்துறேன். தண்ணி வந்தது தெரியாம ரெண்டு நாள் எல்லாரும் வெறும் வாளியோட வீட்டுக்குப் போனோம். அந்தப் புதுப் பொண்ணு வேற மைக்கில திக்குது, கேக்கச் சகிக்கலை."

அவள் போன பிறகும் வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை நின்றபாடில்லை.

மே 2

இன்று போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கீரை முற்றிக் கிடந்தது. 

தண்ணீர் வந்தது. தட்டு இருந்தது, கரண்டியைக் காணோம். ஒரு கல்லை எடுத்துத் தட்டியிருக்கலாம், காலடியிலேயே கிடந்தது. குனியவும் செய்தேன். இனி எந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறேன்? இருப்பது இதுதானே, சனியன்.

"தண்ணி வந்துடுச்சு" என்றேன்.

என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. சாமான் அறையைத் தாண்டியிருக்காது. ஆனால் தையல்காரம்மா களையெடுப்பதை விட்டுத் தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, "தண்ணி வந்துடுச்சாம்!" என்று கத்தினாள். அவளுக்கு அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். "வந்துடுச்சாம்", "வந்துடுச்சாம்" என்று மதில் வரைக்கும் போனது. அங்கே போஸ்ட்மேன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

வாளிகள் வந்தன. நான் குழாயைப் பிடித்து நிரப்பி நிரப்பிக் கொடுத்தேன். என் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "தண்ணி வந்துச்சா?" சிலேட்டு எந்த அறையில் கிடக்கிறதோ. தேடச் சலிப்பாக இருந்தது.

"எல்லாருக்கும் வந்துச்சு. எனக்குத்தான் வரலை" என்றேன்.

இவர் திடுக்கிட்டுப் பார்த்தார். புரியவில்லை போலிருக்கிறது. "என்ன?" என்றார்.

திரும்பவும் சொன்னேன்.