முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

சரோஜினி நகர்,
புது டில்லி.
13 பிப்ரவரி 1979

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சான் அவர்களுக்கு,

வேதமுத்து எழுதுவது. அங்கே வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

கிருபை பூரண சுகமடைந்ததற்காக உங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்ததாக எழுதியிருந்தீர்கள். படைத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் நம் சபையில் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் வாங்கிவிடுங்கள். உங்கள் தங்கை சுகமடையவில்லை. டிசம்பரில் நான் உங்களுக்கு எழுதியது பொய்.

ஜூன் மாதம் டாக்டர் அவள் நுரையீரலில் காசநோய் என்று சொன்னதும், முதல் மூன்று மாதம் ஊசியும் ஒன்றரை வருஷம் மாத்திரையும் விடாமல் வேண்டும் என்றதும் உங்களுக்குத் தெரியும். செப்டம்பரில் உடம்பு கொஞ்சம் தேறியது. அந்தச் சமயத்தில்தான் என் ஆபீஸ் சிநேகிதன் ராஜசேகரன் எங்களைக் கோல் மார்க்கெட்டில் ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனான். நடத்துகிறவர் துரைசிங் சகோதரர். அவருடைய போதனை சுருக்கமானது. பரமபிதா பணக்காரர், அவருடைய பிள்ளைகள் ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் திரிவது அவருக்கு அவமானம். ஆகையால் கேட்டது கிடைத்தாயிற்று என்று நம்பி, கிடைக்கும் முன்பே எழுந்து நன்றி சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு வேறு வழி தேடினால் அது அவிசுவாசம்.

இந்த ஊரில் எதற்கும் வரிசை. சமையல் காஸுக்கு நாலு வருஷம், டெலிபோனுக்கு எட்டு வருஷம், நல்ல குவார்ட்டர்ஸுக்கு ஓய்வுபெறும் வரை. பரலோகத்தில் வரிசை கிடையாது என்று ஒருவர் சொன்னால் மத்திய சர்க்கார் குமாஸ்தா எப்படி எழுந்து போவான்? ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக எழுந்து, வராத காஸுக்கும் வராத டெலிபோனுக்கும் நன்றி சொன்னார்கள். ராஜசேகரன் ஸ்கூட்டருக்கு நன்றி சொன்ன மறுநாளே ஹெல்மெட் வாங்கிவிட்டான். இன்றும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஆபீஸுக்கு வருகிறான். தலைசாய்க்க இடமில்லாமல் நடந்த இயேசுவின் பெயரைச் சொல்லி நாங்கள் மூன்று அறை குவார்ட்டர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தோம். இது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, துரைசிங் சகோதரர் என் பெயரைச் சொல்லி, வீட்டம்மாளுக்காக நீங்கள் இன்னும் சாட்சி சொல்லவில்லையே என்றார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் அவள் இருமவில்லை என்பதும் உண்மை. நான் எழுந்து, என் மனைவியைக் கர்த்தர் பூரணமாகக் குணமாக்கிவிட்டார் என்று சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கிருபை மாத்திரைப் புட்டியை அலமாரியின் மேல்தட்டில், பழைய காலண்டர்களுக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

டிசம்பரில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. சேஷன் என்பவர் ஓய்வுபெற்றார். சீனியாரிட்டியில் அடுத்தவன் நான். இதில் அற்புதம் ஏதுமில்லை. ஆனால் ஜெபவீட்டில் அது என் சாட்சிக்குக் கிடைத்த பலனாகிவிட்டது. மாலை போடாத குறை. அந்த மிதப்பில்தான் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

ஜனவரியில் மாடிவீட்டு வடிவு சண்டைக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. எங்கள் குளியலறைக் குழாய் நாளெல்லாம் ஓடுவதால் மேலே சொட்டுத் தண்ணீர் வருவதில்லையாம். கிருபை துணி துவைத்திருப்பாள் என்றேன். வடிவு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணாச்சி, கொழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள நின்னு இருமுதாவ. மேல எனக்குக் கேக்கு. உங்களுக்குக் கேக்கலியா?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மச்சான்.

அன்றே புட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். என் படிப்பையெல்லாம் காட்டினேன். பவுல் அப்போஸ்தலன் தன் கூட்டாளி ஒருவனை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன்; பவுலுக்கு விசுவாசம் போதாதா என்று கேட்டேன். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் வைத்தியம் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். தலைமையாசிரியரான உங்களுடைய தங்கை அல்லவா, பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அதெல்லாம் எனக்கும் தெரியும். அத்தனை பேரு முன்னால நீங்க எந்திச்சுச் சொன்னிய. நான் மாத்திரையத் தின்னா உங்க வார்த்தை என்ன ஆவும்?”

துரைசிங் சகோதரரின் போதனைக்குப் பதில் என்னிடம் நிறைய இருந்தது. இதற்குக் கெஞ்சல்தான் இருந்தது. மூன்று வாரம் தினமும் கெஞ்சினேன். போன வியாழக்கிழமை கொடியில் அவளுடைய கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. துவைத்திருந்தாள். கறை முழுதாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமல் நானே எழுந்தேன். நவம்பரில் நான் சொன்னது நடக்கவில்லை, என் மனைவி நோயாளி, மருந்தில்லாமல் சாகக் கிடக்கிறாள், நான் பொய் சொன்னேன் என்றேன். துரைசிங் சகோதரர் சிரித்த முகத்தோடு, இது சகோதரர் வேதமுத்துவின் குரல் அல்ல, சத்துருவின் குரல் என்று சொல்லி ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். பாட்டு ஆரம்பித்தது. கைதட்டலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உட்காரவும் முடியாமல் நின்றேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் கிருபை எழுந்து நின்று இருமினாள். கைக்குட்டை இல்லை, குழாய் இல்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததை அத்தனை பேர் முன்னால் இருமினாள். முதலில் ஆர்மோனியம் நின்றது. அப்புறம் பாட்டு நின்றது. அவள் இருமுவது மட்டும் நிற்கவில்லை. ராஜசேகரன்தான் ஹெல்மெட்டும் கையுமாக ஓடி ஆட்டோ பிடித்து வந்தான்.

நேற்று ஆஸ்பத்திரியில் புதுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பாதியில் விட்ட மருந்து மறுபடி வேலை செய்யும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்றார். என்னைத் திட்டினார். இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான பிரசங்கம் அது. கிருபை அவர் எதிரிலேயே முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, பிரின்சிபாலிடம் மாட்டிக்கொண்ட பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் அல்ல என்று உங்கள் கையெழுத்தில் அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். என் வார்த்தைக்கு இப்போது மதிப்பில்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் வந்துபோங்கள். அதற்கு முன்பே லீவு கிடைத்தால், காத்திருக்க வேண்டாம்.

அவளுக்காகத் தினமும் ஜெபியுங்கள். சபையாரையும் ஜெபிக்கச் சொல்லுங்கள். நன்றி மட்டும், நான் எழுதும்வரை யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
ம. வேதமுத்து